அம்மாவைக் கூட்டிவரப் போன மாரி

எங்கள் வயதுக்காரர் இரண்டு பேர் சந்தித்தால் கதை எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். முதலில் சீனி வருத்தம், அடுத்தது முழங்கால், அதற்குப் பிறகு வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள். மூன்றும் முடிந்தால் மழை. முந்தி மாரி என்றால் மாரிதான், இப்போது வருகிறதா போகிறதா என்றே தெரியவில்லை என்று யாராவது தொடங்குவார், மற்றவர்கள் தலையாட்டுவோம். நானும் தலையாட்டுகிறவள்தான். ஆனால் பழைய மாரிகளில் எனக்குப் பெரிய ஆசை ஒன்றும் கிடையாது. ஒரேயொரு மாரிதான் எனக்கு மணித்தியாலக் கணக்கில் ஞாபகம் இருக்கிறது. அதுவும் விரும்பி வைத்துக்கொண்ட ஞாபகம் அல்ல. சுமந்து களைத்துப் போனேன். எழுதி இறக்கிவிட்டால் கொஞ்சம் இலகுவாக இருக்குமோ என்று பார்க்கிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. உப்புவெளியில் இருந்தோம். அப்பா துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டினார். மேலே ஒரு தகரக் கூட்டுக்குள் அவர் இருப்பார். கீழே ஒருவர் நின்று கையால் காட்டுவார். கை மேலே போனால் தூக்க வேண்டும், விரித்துக் காட்டினால் நிறுத்த வேண்டும். வாயால் சொல்லுகிற வேலை அங்கே இல்லை, சொன்னாலும் அந்த இரைச்சலில் யாருக்கும் கேட்காது. அப்பா ஒருநாளும் பிழை விட்டதில்லை என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள். வீட்டிலும் அவர் அதிகம் கதைக்காத மனிதர். முன்னுக்கு வந்து நின்று கதைத்தால் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வார். மற்றப்படி தானும் தன் பாடும்.

அம்மா அதற்கு நேர்மாறு. குசினிக்குள் இருந்துகொண்டே முழு வீட்டோடும் கதைப்பார். அடுப்பை ஊதிக்கொண்டு கேள்வி கேட்பார், தேங்காய் துருவிக்கொண்டு முறையிடுவார். விறாந்தையில் இருக்கிற அப்பாவிடமிருந்து சத்தம் வராது. “செவிடன் காதில ஊதின சங்கு” என்று அம்மா அலுத்துக்கொள்வார். எல்லா வீட்டிலும் எல்லாப் பெண்களும் சொல்லுகிற பழமொழிதானே, யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. அம்மாவின் ஆட்களோ அப்பாவைத் தலைக்கனம் பிடித்தவர் என்று முடிவு கட்டியிருந்தார்கள். ஊமை ஊரைக் கெடுக்கும் என்று மாமா, அம்மாவின் அண்ணன், ஒருதரம் எனக்குக் கேட்கவே சொன்னார்.

கார்த்திகை மாதம் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. ஒன்றரை வயதுப் பிள்ளை. நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அப்பாவுக்கு இரவு முறை வேலை, பகல் வீட்டில் நின்றார். முற்றத்தில் குந்தியிருந்து சைக்கிள் சில்லைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்திருக்கிறார். உள்ளே அறைக்குள் தம்பிக்கு வலிப்பு வந்து கண் மேலே சொருகிவிட்டது. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா கத்தினார். ஒருதரம் அல்ல, தொண்டை கிழியக் கத்தினார். திறந்த யன்னலுக்குள்ளால் அப்பாவின் முதுகு தெரிந்ததாம். அந்த முதுகு அசையவில்லை. வேலிக்கு அங்கால் இருந்த பக்கத்து வீட்டுக்காரிதான் சத்தம் கேட்டு, வேலி ஓட்டையான பொட்டுக்குள்ளால் புகுந்து ஓடிவந்து பிள்ளையைப் பறித்துக்கொண்டு றோட்டுக்கு ஓடினார். அவர் ஓடுவதைக் கண்ட பிறகுதான் அப்பா எழும்பினார்.

தம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்திருந்து விட்டார்கள். ஆனால் அம்மாவுக்கு ஆறவில்லை. “பிள்ளை வலிச்சுக் கிடக்கேக்க திரும்பிப் பாராத மனிசனோட நான் என்னெண்டு இருக்கிறது?” என்று கேட்டார். “நான் காணேல்ல” என்றார் அப்பா. காணவில்லை என்பது ஒரு பதிலா? ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா வீட்டுக்கு வரவில்லை. மாமா வந்து அம்மாவையும் தம்பியையும் தங்கள் ஊரான திரியாய்க்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்கு ஆண்டுச் சோதனை இருந்ததால் என்னை அப்பாவோடு விட்டார்கள்.

நான்கு கிழமை, கிட்டத்தட்ட ஒரு மாதம், நாங்கள் இரண்டு பேரும் சோறும் பருப்பும் தின்றோம். அப்பா சமைத்தால் சோற்றில் எப்போதும் கொஞ்சம் அடிப்பிடித்த மணம் இருக்கும். உலை கொதித்து மூடி தட்டுப்படுகிற சத்தத்தைக் கொண்டு அடுப்பைத் தணிக்கத் தெரியாத மனிதர் என்று நான் நினைத்தேன். நனைந்த உடுப்புகள் வீட்டுக்குள் கயிற்றில் தொங்கிப் பூஞ்சணம் பிடித்தன. சோதனை முடிந்து மார்கழி லீவு விட்ட அன்று அப்பா ஒரு குடை வாங்கிக்கொண்டு வந்தார். பெண்கள் பிடிக்கிற சின்னக் குடை, ஊதாப் பூப்போட்டது, மூங்கில் பிடி. “நாளைக்கு அம்மாவைக் கூட்டிவரப் போவம்” என்றார். எனக்கு அன்றைக்கு வந்த சந்தோசத்தை இப்போது நினைத்தாலும் நெஞ்சுக்குள் ஏதோ செய்கிறது.

காலை முதல் பஸ்ஸில் போனோம். குச்சவெளியில் சாரதி எஞ்சினை நிறுத்திவிட்டார். அங்கால் றோட்டை வெள்ளம் அறுத்துப்போட்டது, நாலைந்து நாளைக்குப் பஸ் இல்லை என்றார். திரும்பிவிடுவோமோ என்று பயந்தேன். அப்பா தேத்தண்ணிக் கடைக்காரரின் முகத்துக்கு முன்னால் போய் நின்று காட்டுப் பாதையை விசாரித்தார். மாட்டுக்காரர் நடக்கிற பாதை இருக்கிறது, மேட்டால் போகும், நாலு மணித்தியாலத்தில் திரியாய் வயலுக்குள் இறங்கலாம் என்று கடைக்காரர் சொன்னார். “சின்னப் பிள்ளையோடயோ?” என்றும் கேட்டார். “அவள் நடப்பாள்” என்றார் அப்பா.

காட்டு வாசலில் ஒரு பெரிய பாலை மரம் நின்றது. அதன் கவட்டில் காய்ந்ததும் பச்சையுமாக இலைக் குழைகள் குவிந்திருந்தன. காட்டுக்குள் போகிற ஒவ்வொருவரும் ஒரு குழை முறித்துப் பிள்ளையாருக்கு அங்கே வைத்துவிட்டுத்தான் போவார்கள். அப்பாவும் முறித்து வைத்தார், நானும் எட்டி வைத்தேன். காட்டு முறைகள் எனக்கு முன்னமே தெரியும். உள்ளே ஆளின் பெயரைச் சொல்லிக் கூப்பிடக்கூடாது. பெயரைக் காடு கேட்டு வைத்துக்கொண்டால் பிறகு அதுவே கூப்பிடும் என்பார்கள். “கூ” என்றுதான் குரல் கொடுக்க வேண்டும். அதற்கும் முதல் இரண்டு தரம் பதில் சொல்லக்கூடாது. பேய் இரண்டு தரத்துக்கு மேல் கூப்பிடாதாம். மூன்றாவது கூவுக்குத்தான் ஆள் பதில் கூ கொடுப்பார். யானையை யானை என்று சொல்லக்கூடாது, பெரியவர் என்று சொல்ல வேண்டும்.

அப்பா இன்னொரு முறையையும் சேர்த்தார். “கதைக்கக் கூடாது பிள்ளை. என்ன சத்தம் கேட்டாலும் வாயைத் திறவாமல் என்ர கையைப் பிடிச்சு இழு.” அதுவும் காட்டு முறைகளில் ஒன்று என்றே எடுத்துக்கொண்டேன்.

நடந்தோம். உரச்சாக்கை மடித்து ஆளுக்கொன்று தலையில் போட்டிருந்தோம். அதில் இன்னும் உரத்தின் காரமணம் இருந்தது, நனைய நனையக் கண்ணை எரித்தது. புதுக் குடையை அப்பா விரிக்கவில்லை. சட்டைக்குள் செருகி நெஞ்சோடு வைத்திருந்தார். மழை விட்டும் விடாத நேரம். மரங்களிலிருந்து மட்டும் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. வீரை மரமும் முதிரை மரமும் பக்கத்துக்குப் பக்கம் நின்று வெளிச்சத்தை மறித்தன. கீழே ஊறிய சருகு, மிதித்தால் சத்தமே வராது. காட்டில் பறவை கத்தும் என்று நினைத்திருந்தேன், ஒன்றும் கத்தவில்லை. குளிர் என்றால் எங்கள் ஊருக்குக் குளிர்தான். விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கிப் போயின. ஆனாலும் எனக்குக் களைப்பில்லை, ஒவ்வொரு அடியும் அம்மாவிடம் போகிற அடி.

ஓரிடத்தில் ஈரமண்ணில் சிவப்பு வெல்வெட்டில் செய்தது போலத் தம்பளப்பூச்சிகள் ஊர்ந்தன. தம்பிக்குக் காட்டப் பிடிக்கலாமே என்று குனிந்தேன். இரண்டைப் பிடித்து இலையில் சுற்றி நிமிர்ந்தபோது அப்பா இல்லை. பாதை திரும்புகிற இடத்தில் அவருடைய சாக்கின் நுனி தெரிந்து மறைந்தது. கூ என்றேன். பதில் இல்லை, சரி, ஒன்று. மறுபடி கூ. இரண்டு. மூன்றாவது கூவை வயிற்றிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மரத்திலிருந்து ஏதோ ஒரு குருவி எழும்பிப் பறந்தது. அப்பாவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நான்காவதும் கூப்பிட்டுவிட்டு நின்றேன். சிரிக்காதீர்கள், நான் செத்துப் பேயாகிவிட்டேனோ, அதனால்தான் அப்பா பதில் தருகிறார் இல்லையோ என்று எனக்கு அந்த நேரம் மெய்யாகவே பட்டது.

ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். திடுக்கிட்டுத் திரும்பினார்.

“ஏன் அழுறாய்?”

“நாலு தரம் கூப்பிட்டனான் அப்பா.”

என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். “காட்டுக்குள்ள அப்பிடித்தான். பதில் சொல்லக்கூடாது” என்றார். மூன்றாவதுக்குச் சொல்லலாமே என்று நான் கேட்கவில்லை. பத்து வயதில் அப்பா சொன்னால் அதுதான் சட்டம்.

இன்னும் ஒரு மணித்தியாலம் நடந்திருப்போம். வலப்பக்கம் கொப்பு முறிகிற சத்தம் கேட்டது. சின்னக் கொப்பு அல்ல. முறிந்து, உரித்து, இழுபடுகிற சத்தம். பிறகு வயிற்றுக்குள் உருளுவது போல ஒரு உறுமல். எனக்குக் கால் நின்றுவிட்டது. அப்பாவின் கால் நிற்கவில்லை. சத்தம் வருகிற பக்கத்துக்கே பாதை வளைந்து போனது, அதில் அவர் கடைக்குப் போகிற மனிதர் போலப் போய்க்கொண்டிருந்தார். கத்தக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். ஓடிப்போய் இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துத் தொங்கினேன். என் முகத்தைப் பார்த்தவுடன் அவருக்கு விளங்கிவிட்டது. என்னைத் தூக்கிக்கொண்டு பின்னுக்கு வந்து ஒரு மரத்தடியில் பதுங்கினார். சட்டைக்குள் இருந்த குடைப்பிடி என் விலாவில் குத்தியது. யானை பாதைக்கு வந்தது. பின்னால் குட்டி. அவை அவசரப்படவில்லை. பாதையைக் கடந்து மற்றப் பக்கம் இறங்கிப் போயின. அவை போய் நெடுநேரத்துக்குப் பிறகும் அப்பாவின் நெஞ்சு என் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது.

பிறகு ஒரு வேரில் இருத்தி, மெல்லக் கேட்டார். “எந்தப் பக்கத்தால சத்தம் வந்தது?”

கையைக் காட்டினேன்.

“கனநேரமாக் கேட்டதோ?”

“ஓம். பெரிய சத்தம். உங்களுக்குக் கேக்கேல்லையோ?”

அப்போது எனக்கு எல்லாம் ஒன்றோடொன்று வந்து பொருந்தியது. முகத்தைப் பார்த்தால்தான் பதில். அடிப்பிடித்த சோறு. முற்றத்தில் அசையாத முதுகு.

அவரே சொன்னார். வாலிப வயதில் துறைமுகத்துப் பெரிய இரும்பு எண்ணெய்த் தாங்கிகளுக்குள் இறங்கி, துருவேறிய கறளைத் தட்டுகிற வேலை செய்தாராம். ஒரு தாங்கிக்குள் இருபது பேர், ஆளுக்கொரு சுத்தியல். காலையிலிருந்து பின்னேரம் வரை இரும்பில் இரும்பு. காதுக்குள் பஞ்சு வைப்பார்களாம், பஞ்சால் என்ன ஆகும்? அப்போதே காதுக்குள் இரைச்சல் தொடங்கிவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, தம்பி பிறப்பதற்கு முந்தியே அநேகமாக ஒன்றும் கேட்கவில்லை. வாயசைவைப் பார்த்துக் கதையைப் பிடிக்கப் பழகிக்கொண்டாராம்.

“அப்ப அம்மாட்டச் சொல்லுங்கோவன்” என்றேன். எனக்கு அது அவ்வளவு சின்ன விடயமாக இருந்தது. சொன்னால் முடிந்தது, அம்மா சிரித்துக்கொண்டு வந்துவிடுவார்.

“ஏலாது பிள்ளை. அம்மா அறிஞ்சால் மாமா அறிவார். மாமா அறிஞ்சால் சந்தை அறியும். செவிடனைப் பாரந்தூக்கியில வைச்சிருப்பினமோ? வேலை போனால் எல்லாரும் என்னத்தைத் தின்னுறது?” தலைச் சாக்கை எடுத்துப் பிழிந்துவிட்டு, “செவிடன்ர பெண்சாதி எண்டு அவவைச் சொல்லுவினம்” என்றும் சொன்னார். “அவவோட வேற மாதிரிக் கதைச்சுக் கூட்டிக்கொண்டு வருவன். நீ ஒருத்தரிட்டையும் சொல்லக்கூடாது. அம்மாவாணைச் சொல்லு.”

“அம்மாவாணைச் சொல்லமாட்டன்” என்றேன்.

அம்மாவாணை என்றால் எங்களுக்கு என்ன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சத்தியத்தை மீறினால் அம்மா செத்துப் போவார். எங்கள் வகுப்பில் ஒரு பெடியன் அழிறப்பரைத் திருடிவிட்டு அம்மாவாணை எடுக்கவில்லை என்றான். அடுத்த மாதம் அவனுடைய தாய் பிள்ளைப்பேற்றில் இறந்துபோனார். அந்த அழிறப்பரை நாங்கள் எல்லோரும் கண்ணால் கண்டவர்கள். அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

மத்தியானத்துக்கு முன்னம் திரியாய் வயலுக்குள் இறங்கினோம். மாமா வீடு தகரக் கூரை. மழை மறுபடி பிடித்துக்கொண்டது. மாமி தலை துவட்டத் துவாய் கொண்டுவந்து தந்தார், தேத்தண்ணி வந்தது. விறாந்தையில் கதிரையைப் போட்டு அப்பாவை இருத்தினார்கள். தம்பி ஓடிவந்து என் மடியில் ஏறினான். இலையைப் பிரித்துப் பார்த்தேன், தம்பளப்பூச்சி இரண்டும் நசிந்துபோயிருந்தன.

அம்மா முன்னுக்கு வரவில்லை. கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்த பெண் புருசன் வந்த உடனே முன்னால் போய் நிற்கக்கூடாது. கதை ஒன்று முடிவாக வேண்டும், அதற்குப் பிறகுதான் முகம் காட்டலாம். கதவுக்குப் பின்னால் நின்று கதைப்பார்கள். அது மரியாதை, ரோசம், இரண்டும்தான். மாமா அப்பாவுக்கு எதிரே இருந்து கொஞ்ச நேரம் கதைத்தார். வெள்ளம், வயல், பஸ். முகத்தைப் பார்த்து அப்பா எல்லாவற்றுக்கும் பொருத்தமாகப் பதில் சொன்னார். மாமாவுக்கு அன்றைக்கு ஒரு நல்ல எண்ணம் வந்தது என்று நினைக்கிறேன். “நீங்கள் ரெண்டு பேரும் கதைச்சு முடியுங்கோ, நான் மாட்டைப் பாத்துக்கொண்டு வாறன்” என்று சாக்கைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். மாமி குசினிக்குள் போனார்.

விறாந்தையில் அப்பாவும், கீழே தரையில் தம்பியோடு நானும். அப்பாவின் முதுகுக்குப் பின்னால் அறைக் கதவு. கதவுச் சீலையின் கீழே அம்மாவின் கால்விரல்கள் தெரிந்தன. எனக்கு அப்பாவின் முகமும் தெரிந்தது, அம்மாவின் கால்களும் தெரிந்தன. வேறு ஒருவருக்கும் இரண்டும் சேர்ந்து தெரியவில்லை.

அம்மா கேட்டார். கத்தவில்லை, அமைதியாகத்தான் கேட்டார். “நான் ஒண்டே ஒண்டு கேக்கிறன். அண்டைக்கு நான் கூப்பிட்டது உங்களுக்குக் கேட்டதோ இல்லையோ?”

அப்பா முற்றத்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கேக்கேல்ல எண்டால் கேக்கேல்ல எண்டு சொல்லுங்கோ. கேட்டும் வரேல்ல எண்டாலும் பரவாயில்லை. வாயைத் திறந்து ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. நான் வெளிக்கிட்டு வாறன்.”

அப்பா துவாயை மடித்து முழங்காலில் வைத்தார். அம்மா எப்போது வருவார் என்று பார்த்துக்கொண்டு, வரப்போகிறவரிடம் என்ன சொல்லலாம் என்று மனதுக்குள் ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்திருப்பார். உதடு மெல்ல அசைந்தது. எனக்கு அது தெரிந்தது. அம்மாவுக்குத் தெரியவில்லை.

“ஒரு சொல்லு” என்றார் அம்மா. மூன்றாவது தரம் குரல் உடைந்தது.

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். உள்ளே அம்மா செத்துக் கிடக்கிற காட்சி வந்தது, வெள்ளைச் சீலை போர்த்து, தலைமாட்டில் விளக்கு வைத்து. வாயை மூடிக்கொண்டு தம்பியின் தலைக்குள் முகத்தைப் புதைத்தேன். நான் அம்மாவைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தேன்.

மழை தகரத்தில் ஊற்றிக்கொண்டிருந்தது. அப்பா இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டு, எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னார். “நேரமாகுது. வெளிக்கிடுவம் பிள்ளை.”

கதவுச் சீலையின் கீழே இருந்த கால்விரல்கள் உள்ளே போயின.

குடையை அப்பா கதிரையில் சாத்தி வைத்தார். அதைப் பிறகு யார் பிடித்தார்கள், என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. அவர் முற்றத்தைத் தாண்டி முன்னால் போய்க்கொண்டிருந்தார். நான் படியில் இறங்கும்போது அம்மா பக்கக் கதவால் வந்து என் கையைப் பிடித்தார். அழுது முகம் வீங்கியிருந்தது. “நீ நில். லீவுதானே. அவர் போகட்டும்” என்றார். எனக்கு நிற்க எவ்வளவு ஆசை. ஆனால் காட்டுக்குள் யானை நிற்கிறது. அப்பாவுக்கு அது கேட்காது.

“நான் அப்பாவோட போறன்” என்றேன்.

“நீயுமோ?” என்று கேட்டுவிட்டுக் கையை விட்டுவிட்டார்.

திரும்பி நடந்ததில் எனக்கு ஞாபகம் இருப்பது காது நோகிற அளவுக்கு உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டு நடந்ததுதான். ஒரு யானையும் வரவில்லை. அப்பா ஒருதரம் கேட்டார். “அம்மா உள்ளுக்கிருந்து ஏதும் சொன்னவவோ?” முகத்தைப் பார்த்துக் கேட்டார். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். சொல்லியிருந்தால் அந்த மனிதர் வந்த வழியே திரும்பி ஓடியிருப்பார், அங்கே போய் எல்லாவற்றையும் கொட்டியிருப்பார், சத்தியம் உடைந்து அம்மா செத்திருப்பார். என் கணக்கு அப்படி ஓடியது.

ஒன்று சொல்கிறேன், நீங்கள் என்னைத் திட்டலாம். சத்தியத்தை நான் மீறவே தேவையில்லை. அம்மா கேட்டபோது அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக் கதவுப் பக்கம் திருப்பியிருந்தால் போதும். சீலையை விலக்கி அம்மாவின் முகத்தைக் காட்டியிருந்தால் போதும். காட்டில் இழுத்த கைதானே? யானைக்குச் செய்யத் தெரிந்ததை அம்மாவுக்குச் செய்யத் தெரியவில்லை. இந்தப் புத்தி எனக்கு வர அறுபது வயது பிடித்தது. அதுவும் பல் துலக்கிக்கொண்டு நின்ற ஒரு காலையில், ஒரு காரணமும் இல்லாமல் வந்தது. வாயில் நுரையோடு அப்படியே நின்றேன்.

அம்மா வரவில்லை. முதலில் மாரி முடியட்டும் என்றார்கள், பிறகு சித்திரை போகட்டும் என்றார்கள், பிறகு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவின் காதை வேலையிடத்தில் இரண்டு வருடத்தில் தாங்களாகவே கண்டுபிடித்தார்கள். வேலையால் நிறுத்தவில்லை. சாமான் அறைக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். அவ்வளவுக்குத்தான் இவ்வளவும். அதற்குப் பிறகாவது சொல்லுங்கோவன் என்று நான் அப்பாவிடம் ஒருதரம் கேட்டேன். “இனி என்னத்துக்கு? அவ என்னை வேண்டாம் எண்டுதானே வரேல்ல” என்றார். அவரும் அப்படியே நம்பினார். வருடங்கள் போனபின் அவர் காது கேளாதவர் என்பது ஊருக்கே தெரிந்தது. வயது போனால் வருகிற மந்தம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள், அம்மாவும்தான்.

பிறகு வந்த கலவரங்களில் திரியாய்ச் சனம் எழும்பி ஓடியது. அம்மாவும் தம்பியும் நாங்கள் இருந்த ஊருக்கே வந்து சேர்ந்தார்கள். ஒரே ஊரில் இரண்டு வீடு, நடந்தால் பத்து நிமிடம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் நான் சாப்பாட்டுக் கரியரோடு நடந்து நடந்து தேய்ந்தேன். கலியாணம் கட்டினேன், பிள்ளைகள் பெற்றேன், பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தேன். ஒளியும் ஒலியும் எப்படிப் போகிறது என்று கரும்பலகையில் கீறிக் காட்டுகிற எனக்கு, அம்மாவாணையை மீறத் துணிவு வரவில்லை.

அப்பா போனது எனக்கு வயது ஐம்பதை எட்டும்போது. செத்தவீட்டுக்கு அம்மா வந்து தலைமாட்டில் இருந்தார், அழவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த அடுத்த நாள் காலை என் வீட்டுக் குசினியில் இரண்டு பேரும் இருந்து முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தோம். அம்மா தன்பாட்டில் சொன்னார்.

“கல்நெஞ்சன். கடைசி வரைக்கும் ஒரு சொல்லுச் சொல்லேல்ல.”

என்னால் அதற்கு மேல் தாங்க ஏலவில்லை. அவர் போய் ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, அந்தப் பெயரோடு அவரை விட எனக்கு மனம் வரவில்லை.

“அம்மா, அவருக்குக் காது கேக்காது.”

“அது வயசு போனாப் பிறகு.”

“இல்லை அம்மா. தம்பி பிறக்கிறதுக்கு முந்தியே.”

இலை ஆய்ந்த கை நின்றது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். தாங்கி, சுத்தியல், காட்டுப் பாதை, நாலு கூ, யானை, சத்தியம். முடிந்த பிறகு அம்மா கேட்டார்.

“அப்ப, தம்பிக்கு வலிச்ச அண்டைக்கு?”

“கேக்கேல்ல அம்மா.”

“திரியாயில? நான் கதவுக்குப் பின்னால நிண்டு கேட்டது?”

“அதுவும் கேக்கேல்ல.”

அப்பாவை நினைத்து அழப்போகிறார் என்று பார்த்தேன். அழவில்லை. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். அப்படி அவர் என்னைப் பார்த்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

“உனக்குக் கேட்டதோ?”

“ஓம்” என்றேன்.

அம்மா அதற்குப் பிறகு பதினொரு வருடம் உயிரோடு இருந்தார்.